நாட்காட்டியில் இருந்த பெயர்

என் மனைவி சனிக்கிழமைகளில் ஆங்கில வகுப்புக்குப் போகத் தொடங்கியது அவளுடைய அண்ணனின் பிள்ளைகளால்தான். அவர்கள் லண்டனில் பிறந்தவர்கள். தமிழும் வராது, பிரெஞ்சும் வராது. தொலைபேசியில் அவர்கள் ஏதாவது கேட்டால் இவள் சிரித்துக்கொண்டே என்னிடம் போனைத் தந்துவிடுவாள்; எனக்கும் ஆங்கிலம் அரைகுறைதான். பக்கத்து ஊரான சென் தெனியில் ஒரு சங்கத்தில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, என்னிடம் அதிகம் பேசாமலே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

நான் ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை செய்கிறேன். சனிக்கிழமை எங்களுக்குத் தலை நிமிர நேரமிராது. அதனால் அவள் எப்போது போகிறாள், எப்போது வருகிறாள் என்பது எனக்குத் தெரியாது. அதுவரை தெரிய வேண்டும் என்றும் தோன்றியதில்லை.

குசினிச் சுவரில் கடை நாட்காட்டி ஒன்று தொங்கும். ஒரு நாள் காலை தேநீர் குடித்தபடி அதைப் பார்த்தேன். வரப்போகும் சனிக்கிழமைக் கட்டத்துக்குள் அவளுடைய கையெழுத்தில், ஆங்கில எழுத்துகளில், ‘வாண்ட்ரெத்’ என்று இருந்தது. முதல் எழுத்தைப் பெரிதாக எழுதியிருந்தாள். வெள்ளைக்காரன் ஒருவனின் பெயர் என்றே நினைத்தேன். வேறு என்ன நினைப்பது? பல் வைத்தியரோடு சந்திப்பு இருந்தாலும் அப்படித்தான் கட்டத்துக்குள் பெயரை எழுதுவாள்.

கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சனிக்கிழமைவரை இருந்த மூன்று நாளும் அவள் என்ன செய்தாலும் அதில் அந்தப் பெயரைத் தேடினேன். தலை வாரினால் யாருக்காக என்று பார்த்தேன். பாட்டு முணுமுணுத்தால் ஏன் என்று யோசித்தேன். மூட்டைகளைப் பிரிக்கும்போதும் அந்தப் பெயர் வாய்க்குள் உருண்டுகொண்டிருந்தது.

சனிக்கிழமை முதலாளியிடம் பல்வலி என்று பொய் சொல்லிவிட்டு ரயிலேறினேன். சங்கக் கட்டடத்துக்கு எதிரே பேருந்துத் தரிப்பில் நின்றேன். ஐம்பத்திரண்டு வயதில், கையில் ஒன்றுமில்லாமல், பேருந்து வந்தால் ஏறாமல் நிற்கும் ஆளைச் சனம் எப்படிப் பார்க்கும் என்பது அன்றுதான் தெரிந்தது. பன்னிரண்டு மணிக்கு அவள் வெளியே வந்தாள். பக்கத்தில் நரைத்த தலையோடு ஒருவர், நம்முடைய நிறம்தான். அவர் ஏதோ சொல்ல இவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் பார்த்து எவ்வளவோ காலமான சிரிப்பு அது. அவளுக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அவள் சப்பாத்தைக் கழற்றும்போதே கேட்டேன். “ஆர் இந்த வாண்ட்ரெத்?”

“ஆளோ? அது ஒரு சொல்லு,” என்றாள்.

ஆங்கிலேயர்கள் பல நூறு வருஷங்களுக்கு முன்னர் பேசிய சொல்லாம். துயரம், ஆற்ற முடியாத அந்தரிப்பு என்று பொருளாம். இப்போது அதை யாரும் சொல்வதில்லையாம். வாரம் ஒரு சொல்லைப் பற்றி வகுப்பில் எழுந்து பேச வேண்டும். அந்த வாரம் அவள் இதைப் பேசினாளாம். யார் கொடுத்த சொல் என்று கேட்டேன். புதுச்சேரிக்காரர் ஒருவர், தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், பழைய அகராதிகள் வாங்கிப் படிக்கிறவர் என்றாள். உமக்கேன் அப்படி ஒரு சொல்லைத் தந்தவர் என்று கேட்டதற்கு, “சும்மாதான்,” என்று சொல்லிவிட்டு அரிசி கழுவப் போனாள்.

ஆளில்லாத பெயர்மேல் இருந்த எரிச்சல் இப்போது ஆளுள்ள சொல்லின்மேல் வந்தது. அடுத்த சனிக்கிழமை, முதலாளியிடம் உண்மையைச் சொல்லி லீவு கேட்டு, அவளோடே போனேன். அன்று பார்த்த நரைத்த தலைக்காரர்தான் அந்தப் புதுச்சேரிக்காரர்; கை கொடுத்தார். நல்ல மனிதர், அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. அவள் உள்ளே போன பிறகு என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்:

“அவங்க தங்கச்சி விஷயத்தைச் சொன்னப்போ கிளாஸ்ல ஒருத்தரும் பேசல, மிஸ்யே. தங்கச்சிய மரத்தடியில விட்டுட்டுத் தண்ணி எடுக்கப் போய், திரும்பி வந்தா அங்க யாருமே இல்லைன்னா, அதுக்கு என்னன்னு சொல்றது? அதான் அந்தச் சொல்லைத் தேடிக் குடுத்தேன்.”

எனக்குத் தெரியும் என்பதுபோல் தலையாட்டினேன். எனக்குத் தெரியாது. யுத்தத்தில் இடம்பெயர்ந்தபோது தங்கச்சி காய்ச்சலில் செத்துப்போனாள் என்றுதான் கலியாணத்தின்போது அவள் வீட்டார் சொன்னார்கள். பதினெட்டு வருஷமாக நானும் அதையே மற்றவர்களுக்குச் சொல்லி வந்திருக்கிறேன். மரத்தைப் பற்றி, தண்ணீரைப் பற்றி எனக்கு முன்னால் ஒரு வகுப்பறை முழுவதும் அறிந்திருந்தது.

திரும்பும் ரயிலில் அவளுக்கு இடம் கிடைத்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் வெளியே பார்த்தபடி சொன்னாள்:

“தமிழிலை சொன்னா நான் அழவேணும். அங்கை பிழை பிழையா இங்கிலிஸிலை சொல்லேக்கை, எந்தச் சொல்லு சரியெண்டுதான் யோசிச்சுக்கொண்டு நிண்டனான். அழுகை வரேல்லை.”

லா ஷாப்பலில் இறங்கினோம். வீட்டுக்கு வந்ததும் குசினி மேசையில் உட்கார்ந்து, ஆங்கிலத்திலேயே எனக்கும் சொல்லும் என்றேன். சொன்னாள். எனக்கு அரைவாசிதான் விளங்கியது. தங்கச்சிக்கு ஒன்பது வயது என்பது விளங்கியது. இரண்டு நாள் அந்த மரத்தடியிலேயே இவள் காத்திருந்தது விளங்கியது. இடையில் ஒரு சொல் வராமல் தடுமாறி, அதைத் தமிழில் சொன்னாள்; அதோடு அழத் தொடங்கிவிட்டாள். நான் தேநீர் போட்டேன்.

பொறாமை அதோடு போய்விட்டது என்று எழுதினால் அது பொய். அந்தக் கதையை முதலில் கேட்டவன் நானில்லை. அது இனி மாறாது. முதலாளி சனிக்கிழமை காலை மட்டும் விட்டுத்தர, நானும் வகுப்பில் சேர்ந்தேன். ஒரு சின்னப் பரீட்சை வைத்துவிட்டு, என்னை ஆரம்ப வகுப்பு அறையில் போட்டார்கள். என் மனைவி இருப்பது பக்கத்து அறையில். இடையில் மெல்லிய சுவர். நான் ஒன்று, இரண்டு, மூன்று சொல்லிக்கொண்டிருக்கும்போது அங்கே அவர்கள் சிரிப்பது கேட்கும். எதற்கு என்று விளங்க எனக்கு இன்னும் ஒரு வருஷமாவது ஆகும் என்கிறாள் ஆசிரியை.