சாயம் போகாத குடும்பமும் ஓர் அரளிப் பூவும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டுவிட்டேன். அந்த வீட்டுச் சோறு தின்றவன் நான். அந்த வீட்டு முதலாளியம்மா, நாங்கள் பெரியம்மா என்று கூப்பிடுகிறவர், உயிரோடு இருந்தவரை பேனாவைத் தொட மனசு வரவில்லை. முருகன் சம்பந்தப்பட்ட சங்கதி வேறு. கூட்டியோ குறைத்தோ எழுதினால் அவனுக்கு யார் பதில் சொல்வது?

போன வாரம் என் மருமகள் எல்லாத் துணியையும் ஒன்றாக வாஷிங் மெஷினில் போட்டுவிட்டாள். பேரனுடைய சிவப்பு பனியன் ஒன்று உள்ளே கிடந்திருக்கிறது. கிருத்திகைக்கென்று நான் எடுத்து வைத்திருந்த வெள்ளை வேட்டி ரோஸ் நிறமாக வெளியே வந்தது. அவள் பயந்துபோய் நின்றாள். எனக்கானால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "வேட்டி போனதுக்குச் சிரிக்கறீங்களே, உடம்புக்கு ஏதும் ஆயிருச்சுங்களா மாமா?" என்றாள். அவளுக்குச் சொன்ன கதையைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

எட்டாவதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டு, லைசென்ஸ் எடுக்கிற வயசு வந்ததும் டிரைவராகச் சேர்ந்தது ஒரு எம்.எல்.ஏ. வீட்டில். தாத்தா எம்.எல்.ஏ., அவருக்குப் பிறகு மகன் எம்.எல்.ஏ. இந்த மகனைத்தான் பெரியவர் என்போம். இரண்டு பேரும் பனியன் கம்பெனிக்காரர்கள். அதனால் தேர்தல் கோஷமும் கம்பெனியிலிருந்தே வந்தது. 'சாயம் போகாத குடும்பம்' என்று சுவருக்குச் சுவர் எழுதியிருக்கும். "எங்க துணியும் சாயம் போகாதுங்க, எங்க வாக்கும் சாயம் போகாதுங்க" என்று பெரியவர் மைக்கில் சொன்னால், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் சாயப்பட்டறை டையிங் மாஸ்டர்கள் கைதட்டுவார்கள். அவர்களுக்கு உண்மை தெரியும். அதனால்தான் கொஞ்சம் பலமாகவே தட்டுவார்கள்.

பெரியவர் திடீரென்று காலமானார். அடுத்தது அவர் மகன்தான் என்று கட்சியில் எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள், அந்த மகனைத் தவிர. சின்னவர் என்றுதான் அவரை நாங்கள் சொல்வோம். வீரபாண்டியில் ஒரு ஷெட் பிடித்து, நிட்டிங் மெஷின் போட்டு, அதன் சத்தத்துக்குள்ளேயே குடியிருந்த மனிதர். அவர் ஏறி இறங்கினால் காரில் பொழுதுக்கும் மெஷின் ஆயில் வாசம் அடிக்கும். மைக்கைக் கண்டால் வேர்த்துவிடும். அப்பாவின் இரங்கல் கூட்டத்தில் நன்றி சொல்ல எழுந்தவர், "எல்லாரும் வந்ததுக்கு..." என்றுவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"தாத்தனும் மேடையிலதான் மயங்கி விழுந்தாரு, அப்பாவும் மேடையிலதான் விழுந்தாரு. ஒருக்கா உள்ள போனா உசுரோட விடமாட்டாங்கண்ணா" என்று முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு புலம்புவார்.

அவர் அம்மாவிடம், அதாவது பெரியம்மாவிடம், எதுவும் எடுபடவில்லை. புருஷன் போன துக்கத்தில், வாசலில் கூட்டம் நின்றால்தான் அவர் இருப்பது போல இருக்கிறது என்பார். கடைசியில், "முருகங்கிட்டப் பூக் கேட்டுரலாம் கண்ணு. வெள்ளை வந்தா நில்லு. செகப்பு வந்தா நான் வாயே தொறக்கமாட்டேன்" என்றார்.

எங்கள் பக்கத்தில் கல்யாணமோ கிணறு வெட்டோ எதுவானாலும் பூக் கேட்காமல் தொடங்க மாட்டோம். வெள்ளை அரளியை ஒரு பொட்டலத்திலும் செவ்வரளியை ஒரு பொட்டலத்திலும் மடித்து சாமி காலடியில் வைப்பார்கள். பூசை முடிந்ததும் ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் இல்லை.

பூக் கேட்பதற்கு முதல் நாள் காலையில் பெரியம்மாவைப் பூசாரி வீட்டுக்குக் கூட்டிப் போனேன். "ரெண்டுலயும் வெள்ளையே வெச்சுருங்க சாமி, புண்ணியமாப் போகும்" என்றார். பூசாரி, "சரிங்கம்மா" என்றார். அன்று சாயங்காலம் சின்னவரைக் கூட்டிப் போனேன். "ரெண்டுலயும் செகப்பு வெச்சுருங்க. எங்கம்மாகிட்டச் சொல்லீராதீங்க" என்றார். அவருக்கும், "சரிங்க தம்பி" என்றார் பூசாரி. டிரைவருக்குக் காது கிடையாது என்பது முதலாளிமார் நம்பிக்கை. அதைக் காப்பாற்றுவதற்காக நான் கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் எங்கள் ஊர்க் கரட்டுக் குன்று மேல் இருக்கிற முருகன் கோயிலில் கட்சிக்காரர்கள், டையிங்காரர்கள், துணி வாங்க வரும் வெளியூர் பையிங் ஏஜெண்டுகள் என்று நிற்க இடமில்லை. வழக்கமாகப் பூவை வாழையிலையில் மடிப்பார்கள். பூசாரி சம்சாரம் எங்கள் கம்பெனியில் துணி செக்கிங்கில் இருந்த பொம்பளை. பெரிய வீட்டு விசேஷத்துக்கு இலை என்ன இலை என்று, கட்டிங் வேஸ்ட்டிலிருந்து நல்ல சிவப்புத் துணியாகப் பார்த்துக் கொண்டுவந்து, அதில் மடித்துக் கொடுத்துவிட்டது. அது சாயம் நிற்கவில்லை என்று ஒதுக்கிய துணி. பொட்டலங்கள் சாமி காலடியில் இருக்க, தண்ணீரும் பாலும் இளநீருமாக அபிஷேகம் நடந்தது.

குழந்தை ஒன்றை எடுத்தது. பூசாரி பிரித்தார். உள்ளே ரோஸ் நிறத்தில் ஓர் அரளி.

பெரியம்மா பூசாரியைப் பார்த்தார். சின்னவரும் பூசாரியைப் பார்த்தார். பூசாரி முருகனைப் பார்த்தார். தன் வெள்ளை சிவந்துவிட்டது என்று அம்மா நினைத்தார். தன் சிவப்பு வெளுத்துவிட்டது என்று மகன் நினைத்தார். இரண்டு பேராலும் வாயைத் திறந்து கேட்க முடியவில்லை.

"பேபி பிங்க்குங்க" என்றார் ஒரு டையிங் மாஸ்டர்.

"எங்கீங்க பேபி பிங்க்கு, நல்லாப் பாருங்க, பீச்சு" என்றார் இன்னொருவர்.

பின்னாலிருந்து ஒருத்தர், "துணி சாயம் போயிருக்குதுங்க" என்று ஆரம்பித்தார். பெரியம்மா சட்டென்று திரும்பினார். "எங்க கம்பெனித் துணி சாயம் போகாதுங்க" என்றார். ஏஜெண்டுகள் நிற்கிறார்கள், கட்சி நிற்கிறது, அவர் வேறென்ன சொல்ல முடியும்? அதற்குப் பிறகு அது துணியின் நிறம் இல்லை, முருகன் கொடுத்த நிறம் என்று ஆகிவிட்டது.

அப்போதுதான் சின்னவர் பேசினார். வேர்க்கவில்லை. "வெள்ளையும் இல்லீங்கம்மா, செகப்பும் இல்ல. நில்லுன்னும் சொல்லுது, வேண்டாம்னும் சொல்லுது. ஒரே ஒருக்கா நிக்கறேன். அதோட நம்மூட்டுல யாரும் நிக்க வேண்டாம்." பெரியம்மாவுக்குத் தலையாட்டுவதைத் தவிர வழியில்லாமல் போயிற்று.

திரும்பும்போது பூசாரியைக் காரில் இறக்கிவிட்டேன். "நெசமா என்னதானுங்க வெச்சீங்க?" என்றேன். "அவுங்க ரெண்டு பேருக்கும் சரின்னேன். முருகனுக்குத் துரோகம் பண்ண முடியுமா? முறைப்படி ஒண்ணு வெள்ளை, ஒண்ணு செகப்பு" என்றார். குழந்தை எடுத்தது எது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

சின்னவர் ஜெயித்தார். அவர் மேடைப் பேச்சைக் கேட்க அக்கம்பக்கத்துத் தொகுதியிலிருந்தெல்லாம் ஆள் வரும். "வணக்கமுங்க. பாலம் கட்டியாச்சுங்க. பாத்துப் போங்க." அவ்வளவுதான். மாலை போடுகிறவர் படியேறுவதற்குள் கூட்டம் முடிந்துவிடும். பதவிக் காலம் முடிந்ததும் கட்சிக்காரர்கள் வந்து காலில் விழாத குறையாகக் கேட்டார்கள். "பூ உத்தரவுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார்.

கடைசிக் காலத்தில் பெரியம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும்போது நான்தான் ஓட்டினேன். பின்சீட்டில் மகன் தோளில் சாய்ந்துகொண்டு, "இன்னொருக்காப் பூக் கேக்கலாமா கண்ணு? உன் மகளுக்கு?" என்றார்.

"கேக்கலாமுங்கம்மா. இந்தத் தடவ வாழையிலையில மடிக்கச் சொல்லலாம்."

பெரியம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது. "இலையெல்லாம் வேண்டாம் போ" என்றார். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே அவர் எடுக்கவில்லை.

இப்போது அந்த வீட்டு வாசலில் விடியக்காலம் மனுவோடு நிற்கிற கூட்டம் இல்லை. கூட்டத்துக்கென்றே எந்நேரமும் கொதிக்கிற டீ பாய்லர் இல்லை. கொடி கட்டிய கார் இல்லை. எனக்குச் சில சமயம் அது வெறிச்சென்று இருக்கும், பொய் சொல்லமாட்டேன். சின்னவர் வீட்டுக்குள் மத்தியானம் படுத்துத் தூங்குகிறார். அவர் தாத்தாவும் அப்பாவும் இந்த வயதைப் பார்த்ததில்லை.

ஒரே ஒரு வேண்டுதல். இந்தக் கதை வெளியே இரண்டு விதமாகத் திரிகிறது. அவர் கட்சிக்காரர்கள் வெள்ளை வந்தது என்கிறார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் சிவப்பு வந்தது, சாமி உத்தரவை மீறி நின்றார் என்கிறார்கள். நீங்கள் யாருக்காவது சொன்னால், தயவுசெய்து ரோஸ் என்றே சொல்லுங்கள்.