சோனியா மிஸ்ஸும் மொட்டைமாடி இந்தியாவும்

பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் பெயிண்ட் அடித்தே மூன்று மாடி எழுப்பியவன் நான் ஒருவன்தான். வேறு யாராவது இருந்தால் வந்து சொல்லட்டும். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். ஒரு காலத்தில் சிவாஜிநகர் கடைப் பலகைகளில் பாதி என் கை எழுதியது. தமிழ், கன்னடம், உருது, இங்கிலீஷ் நாலிலும் எழுதுவேன். படிக்கத் தெரிந்தது தமிழ் மட்டும். படிக்கத் தெரியாமல் எப்படி எழுதுவது என்று கேட்கிறவன் பிரஷ்ஷைத் தொட்டுப் பார்க்காதவன்.

அது இருக்கட்டும். நான் சொல்ல வந்தது என் வீட்டு இரண்டாம் மாடியில் குடியிருக்கும் சோனியாவைப் பற்றி.

அவள் அப்பா மாநகராட்சியில் தெருக் கூட்டியவர். பெண் தபாலில் பி.ஏ. முடித்து, பி.எட்.டும் முடித்தாள். வேலை மட்டும் கிடைக்கவில்லை. பகலில் சிவாஜிநகரில் ஒரு துணிக்கடையில் பில் போடுவாள். சாயங்காலம் எங்கள் மொட்டைமாடியில் பத்தாம் வகுப்புக்கு டியூஷன். எட்டுப் பிள்ளைகள். எட்டும் சோஷியலில் விழுந்த தங்கங்கள், அதிலும் ஜியாகிரபி என்றாலே காய்ச்சல் வருகிறவை. இந்தியாவின் அணைகளையும் துறைமுகங்களையும் சோனியா மூச்சு விடாமல் சொல்வாள். ஆனால் அவள் போன அதிகபட்சத் தூரம் வேளாங்கண்ணி. அதுவும் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போனாள்.

அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக வேண்டும், அவ்வளவுதான் ஆசை. அந்தப் பிள்ளைகள் படிக்கிற பள்ளியின் தலைமை ஆசிரியை லாவண்யா மேடத்திடம் எத்தனையோ முறை நடந்தாள். கடைசியில் மேடம் ஒரு வார்த்தை கொடுத்தார்.

"இந்த எட்டும் பப்ளிக்ல சோஷியல் பாஸ் ஆகட்டும், ஜூன்ல நீயே வந்து கிளாஸ் எடு. ஒண்ணு விழுந்தாலும் அப்புறம் என் ரூமுக்கு வராதே."

பரீட்சையில் இந்தியப் படம் வரைந்து இடங்களைக் குறிக்கச் சொல்லி ஒரு கேள்வி கட்டாயம் வரும். கட்டுரை எழுத வராத பிள்ளைக்கு அதுதான் உயிர்மூச்சு. ஆனால் இவர்கள் வரைந்த இந்தியா உடைந்த அப்பளம் மாதிரி இருந்தது. சோனியா என்னிடம் வந்தாள்.

"பெரியப்பா, மாடித் தரையில ஒரு இந்தியா போட்டுக் குடுங்களேன். பசங்க அது மேலயே நடந்து படிக்கட்டும்."

ஆளைப் பார்த்துத்தான் கேட்டாள். அட்லஸில் கட்டம் போட்டு, தரையில் நூல் பிடித்து அதே கட்டத்தைப் பெரிதாக அடித்து, கோடு பிசகாமல் ஏற்றினேன். கடலுக்கு வெளிர்நீலம். மழைக்கும் கரையாத எனாமல். முக்கியமாக, வடக்கை வடக்கிலேயே வைத்தேன். கண்டபடி கிடத்தவில்லை. நீங்கள் காஷ்மீர் பக்கம் பார்த்து நின்றால் நிஜக் காஷ்மீரும் அதே திசையில்தான். இப்படி ஒரு படம் பெங்களூரில் வேறு எந்த மாடியிலும் கிடையாது.

பிள்ளைகள் வெறுங்காலோடு அதன்மேல் ஓடினார்கள். சோனியா "பக்ரா நங்கல்" என்றால் ஜாய்சன் குதிப்பான், "விசாகப்பட்டினம்" என்றால் யுவன். என் வீட்டுக்காரி சின்னத்தாயி ராஜஸ்தானில் வடகம் காயவைத்தாள். நான் சத்தம் போட்டேன். சோனியாதான் தடுத்தாள். அங்கே மழை கிடையாது என்று பிள்ளைகளுக்கு மறக்காமல் இருக்குமாம். இரண்டு மாதத்தில் எட்டுப் பேரும் கண்ணை மூடிக்கொண்டு இந்தியா வரைந்தார்கள்.

பிப்ரவரியில், பப்ளிக்குக்கு ஒத்திகையாகப் பள்ளியிலேயே வைக்கிற பிரிபரேட்டரி பரீட்சை வந்தது. விடைத்தாள் திருத்திய அன்றே லாவண்யா மேடம் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். எட்டுத் தாளிலும் கன்னியாகுமரி மேலே, காஷ்மீர் கீழே, மும்பை வலது கைப் பக்கம். பேர்களெல்லாம் நேராக எழுதியிருக்கிறார்கள், இந்தியா மட்டும் சிரசாசனம் செய்கிறது. படத்துக்கு எல்லாருக்கும் பூஜ்யம். ஒருவனைப் பார்த்து மற்ற ஏழும் காப்பியடித்தார்கள் என்றுதான் மேடம் முதலில் நினைத்தாராம்.

சோனியாவுக்கு ஒன்றும் புரியவில்லை. மேடத்தை மாடிக்கு அழைத்துப் போனாள், பின்னாலேயே நானும் போனேன். மேடம் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டார். எங்கள் வீட்டு மாடிப்படி வடக்குப் பக்கம். தண்ணீர்த் தொட்டி வாஸ்துப்படி தென்மேற்கு மூலையில் இருப்பதால், சாயங்கால நிழலும் படியோரம்தான் விழும். நிழலில் உட்கார்ந்த பிள்ளைகள் இந்தியாவைத் தலைமாட்டிலிருந்து பார்த்தே இரண்டு மாதம் படித்திருக்கிறார்கள். தினம் படியேறி வந்து அதே நிழலில் நின்று பாடம் நடத்திய சோனியாவுக்கும் அது உறைக்கவில்லை.

பப்ளிக்கில் திருத்துகிறவருக்கு மாடியும் தெரியாது, தொட்டியும் தெரியாது, முட்டை போட்டுவிட்டுப் போய்விடுவார் என்றார் மேடம். படத்து மார்க் போனால் பாதிப் பேர் தேறமாட்டார்கள். அவர் இறங்கிப் போனதும் சோனியா என்னைப் பார்த்தாள்.

"பெரியப்பா, இதை மாத்திப் போட முடியுமா?"

"எதை மாத்தறது? வடக்கு அங்கதானே இருக்கு? வேணும்னா படியை மாத்து."

"ஆமா, அப்படியே சூரியனையும் மாத்தச் சொல்லுங்க" என்றாள் சின்னத்தாயி, வடகத்தை அள்ளிக்கொண்டே. "அந்தப் பொண்ணு பொழப்பு போவுது, இவரு வடக்கைப் புடிச்சிட்டுத் தொங்கறாரு."

என் வேலையில் தப்பில்லை. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

சோனியா பிள்ளைகளைத் தெற்குப் பக்கம் மாற்றி உட்காரவைத்தாள். அங்கே வெயில் கண்ணைக் குத்தியது. அது போகட்டும், இரண்டு மாதம் காலில் ஏறிய பாடம் அவ்வளவு சுலபமாக இறங்குமா? நாலாவது நாள் யுவன் ஒரு இந்தியா வரைந்தான். மேலேயும் ஒரு கன்னியாகுமரி, கீழேயும் ஒரு கன்னியாகுமரி. இலங்கையும் இரண்டு. சோனியா அதைக் கையில் வாங்கி ஒரு முறை தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள். பிறகு எல்லாரையும் பழையபடி நிழலுக்கே கூப்பிட்டாள்.

"உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரியே வரைங்க. ஆனா ஒரு எழுத்து எழுதக்கூடாது. வரைஞ்சு முடிச்சதும் பேப்பரைத் தலைகீழாத் திருப்புங்க. அப்புறம் பேர் எழுதுங்க. வரை, திருப்பு, எழுது. சொல்லுங்க பாக்கலாம்."

அன்று முதல் மாடியில் அது ஒரு மந்திரம் மாதிரி கேட்டது. வரை, திருப்பு, எழுது. கீழ்வீட்டுக் குழந்தைகூடச் சொல்ல ஆரம்பித்துவிட்டது.

சோஷியல் பரீட்சையன்று சோனியா கடைக்கு லீவு போட்டுவிட்டு சென்டர் வாசலில் நின்றாள். துணைக்கு நானும் போனேன், நான் இல்லாமல் அவள் மயங்கி விழுந்திருப்பாள். உள்ளே நடந்ததை ஜாய்சன் பிறகு சொன்னான். ஒரே அறையில் ஐந்து பேர் அடுத்தடுத்துப் பேப்பரைத் திருப்பியிருக்கிறார்கள். கண்காணிப்பாளர் நேராக ஜாய்சனிடம் வந்து, என்ன பண்ணுகிறாய் என்று கன்னடத்தில் அதட்டினார்.

"சார், இந்தியா தலைகீழா இருக்கு சார். திருப்பிட்டு எழுதிடறேன்" என்றானாம் இவன்.

அவர் பேப்பரை உதறினார். பிட்டு எதுவும் விழவில்லை. பெஞ்சுக்கு அடியில் பார்த்தார், சட்டைப் பையில் பார்த்தார். பிறகு அவரே பேப்பரை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, கொடுத்துவிட்டுப் போனார். மற்றவர்கள் தப்பித்தார்கள். ஜாய்சனுக்குத்தான் நேரம் போய், கடைசிக் கேள்வி பாதியில் நின்றது. வாசலுக்கு வந்ததும் ஓவென்று அழுதான். சோனியா அவன் முதுகைத் தட்டிக் கரும்புஜூஸ் வாங்கிக் கொடுத்தாள், ஆனால் வீடு வந்து சேரும்வரை அவன் மார்க்கை விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள்.

ரிசல்ட் அன்று சோனியா போனைத் தொடமாட்டேன் என்று எங்கள் சமையலறையில் உட்கார்ந்துகொண்டாள். யுவன்தான் ஒவ்வொரு நம்பராகப் போட்டுப் பார்த்தான். ஏழு பேர் பாஸ். ஜாய்சன் நம்பரைப் போட்டதும் திரை சுற்றிக்கொண்டே இருந்தது. சின்னத்தாயி முனீஸ்வரனுக்குத் தேங்காய் வேண்டிக்கொண்டாள். திரை நின்றது. சோஷியலில் சரியாகப் பாஸ் மார்க்கைத் தொட்டிருந்தான். அவன் அம்மா அந்த மார்க்கைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள், மாநிலத்தில் முதல் வந்த மாதிரி.

லாவண்யா மேடம் வார்த்தை தவறவில்லை. ஜூனில் சோனியா வேலையில் சேர்ந்தாள். சேர்ந்த முதல் வாரமே விளையாட்டு வாத்தியார் வேறு பள்ளிக்குப் போய்விட, அந்தப் பீரியடும் இவள் தலையில் விழுந்தது. இப்போது புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாயில் விசிலோடு மைதானத்தில் நிற்கிறாளாம். சாயங்காலம் தொண்டை கட்டிக்கொண்டு படியேறுகிறாள். என்னம்மா ஆச்சு என்று கேட்டால் பதில் சொல்லக் குரல் வருவதில்லை, சிரிப்பு மட்டும் வருகிறது. துணிக்கடையிலிருந்து திரும்புகிறபோது அவள் ஒரு நாளும் சிரித்து நான் பார்த்ததில்லை.