ஆறு நாள் கிராம்பு

என் சமையலறையில் கிராம்புக்கு மட்டும் தனி டப்பா. மிளகு, சீரகம், வெந்தயம் எல்லாம் அஞ்சறைப் பெட்டியில் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு கிடக்கும். கிராம்பு மட்டும் பழைய பவுடர் டப்பா ஒன்றில், இறுக்கமான மூடியோடு, மேல்தட்டில் இருக்கும். என் மகளுக்கு இது பெரிய வேடிக்கை. "கிராம்பு என்னம்மா தங்கமா?" என்பாள். தங்கமில்லை. பிரியாணிக்குக் கிராம்பு வேண்டுமென்றால் கடையில் போய் வாங்கிக்கொள் என்று சொல்லிவிடுவேன். இந்த டப்பாவில் இருப்பது வருடத்துக்கு ஒரு நாள், காணும் பொங்கலன்று, திறந்து முகர்ந்து பார்ப்பதற்கு. கிழவிக்குக் கிறுக்கு என்று நினைத்தாலும் சரி, சொல்வதைக் கேட்டுவிட்டு நினையுங்கள்.

நான் கல்யாணமாகிக் கல்மண்டபத்துக்கு வந்தபோது பட்டணத்தில் ட்ராம் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. என் அப்பா வண்ணாரப்பேட்டையில் ஓர் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்பவர். நான் எட்டாவது வரை படித்தவள். அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு. மாப்பிள்ளைக்குத் துறைமுகத்தில் வேலை என்றதும் கப்பல், கொடி, வெள்ளைச் சட்டை என்று நானாக ஏதேதோ நினைத்துக்கொண்டேன். பெண் பார்க்க வந்த அன்று அவர் கழுத்திலும் கையிலும் சந்தனத்தை அப்பிக்கொண்டு வந்திருந்தார். பக்திமான் போலிருக்கிறது என்று அம்மா சந்தோஷப்பட்டாள். அவர் வேலை செய்தது தோல் கொட்டகையில் என்பது தாலி கட்டிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

உப்புப் போட்ட மாட்டுத் தோலைக் கட்டுக் கட்டாக முதுகில் சுமந்து கப்பலுக்கு அனுப்புகிற வேலை. அந்த வாடையை எழுத்தில் சொல்ல முடியாது. குளித்தால் போகாது. சீயக்காய், செங்கல் தூள், புளி என்று எதைப் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணிலும் காது மடலிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். ட்ராமில் ஏறினால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து போய்விடுவார். அதனால் என் வீட்டுக்காரர் தினமும் துறைமுகத்திலிருந்து நடந்தே வருவார். கேட்டால், "காசு மிச்சம்மே" என்பார். காசு மிச்சம்தான், பொய்யில்லை. எங்கள் குடித்தனமே மிச்சத்தில் நடந்தது. சோப்புக் கட்டியை நூல் போட்டு மூன்றாக அறுத்து, ஒன்று தீர்ந்த பிறகே அடுத்ததை எடுப்போம். ஒரு முழம் மல்லிகையில் பாதியை இன்று வைத்துக்கொண்டு பாதியை ஈரத்துணியில் நாளைக்குச் சுருட்டி வைப்பேன். ஆனால் அவர் நடந்து வந்ததற்குக் காசு மட்டும் காரணமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டதில்லை.

ஐப்பசியில் எனக்கு மசக்கை தொடங்கியது. சோறு கொதிக்கிற மணமே குமட்டியது என்றால் அவர் வாசலில் கால் வைத்ததும் என்ன ஆகும்? சாக்கடைக்கு ஓடுவேன். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சோற்றைப் போட்டுவிட்டு அடுத்த நிமிஷம் நகர்ந்துவிடுவேன்.   மார்கழியில் ஒருநாள் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளி நடைக்குப் போனார். "உள்ள புழுக்கமா கீது" என்றார். மார்கழிப் பனியில் யாருக்காவது புழுங்குமா? உள்ளே வாருங்கள் என்று நான் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அப்போது அப்பாடா என்றுதான் இருந்தது.

எங்கள் பக்கம் கல்யாண நாள் கொண்டாடுகிற வழக்கமெல்லாம் கிடையாது. புருஷனும் பெண்டாட்டியும் ஜோடியாக வெளியே போக ஊரே அனுமதிக்கிற நாள் ஒன்று உண்டென்றால் அது காணும் பொங்கல்தான். தூக்கில் புளிச்சோற்றை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போக வேண்டும். அதற்கு முன்னால் புருஷன் பெண்டாட்டிக்கு ஏதாவது வாங்கித் தர வேண்டும். கண்ணாடி வளையலோ, ரிப்பனோ, வசதி இருந்தால் புடவையோ. நாங்கள் இருந்த வரிசை வீட்டில் எதிர் ரூம் அக்காவுக்கு அவள் புருஷன் எட்டு நாள் முன்னாலேயே சிவப்பு வளையல் வாங்கிக் கொடுத்துவிட்டான். அவள் அதை அணிந்துகொண்டு அன்றைக்கு நாலு தரம் தண்ணீர் பிடிக்கப் போனாள். "உன் வூட்டுக்காரரு இன்னாடி வாங்கித் தரப் போறாரு?" என்று என்னைக் கேட்டாள். நானும் அவரிடம் கேட்டேன்.

"கொண்டாறேன். ஆனா துட்டு குட்த்து வாங்கினதா இருக்காது" என்றார். என்னவென்று கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே போய்விட்டார். கஞ்சப் பிசினாறி என்று மனதுக்குள் திட்டினேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்து அவர் ஒரு மாதிரியாக மாறினார். வீட்டுக்கு வரும்போதே பாட்டு. தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டார். துவைப்பதற்காகச் சட்டையை எடுத்தேன், தோல் வாடைக்கு அடியில் வேறு ஏதோ மணத்தது. காரமாக, இனிப்பாக, மூக்கின் நுனியில் நின்றது. முதலில் பிரமை என்று நினைத்தேன். மறுநாள் அது கூடுதலாக வந்தது. மூன்றாம் நாள் தோல் வாடையைவிட அதுதான் அதிகம். நான் ஒரு மடச்சி, அந்தச் சட்டையைக் கொண்டுபோய் எதிர் ரூம் அக்காவிடம் முகர்ந்து பார்க்கக் கொடுத்தேன்.

அவள் கண்ணை மூடி நன்றாக இழுத்துப் பார்த்தாள். "சென்ட்டு கணக்கா கீதுடி. ஆம்பள திடீர்னு வாசனையா வந்தான்னா அது வூட்டுக்காக இல்ல. நீ வேற மூணு மாசமா மூக்கைப் பொத்திகினு கீற. அவரு இன்னா பண்ணுவாரு பாவம்" என்றாள். அந்தப் 'பாவம்' எனக்கு நெஞ்சில் கத்தி இறக்கினது போல இருந்தது. நடையில் தூங்கட்டும் என்று விட்டவள் நான்தானே. போக்கிடம் தேடிக்கொண்டார் என்றால் துரத்தினதும் நான்தானே. இப்படி நினைத்து அழுவேன். அடுத்த நொடியே, அதெப்படி, வயிற்றுப் பிள்ளைக்காரியை வைத்துக்கொண்டு இந்த ஆள் எப்படிப் போகலாம் என்று கோபம் கொதிக்கும். பொங்கல் அன்றைக்கும் மாட்டுப் பொங்கல் அன்றைக்கும் அவருக்கு வேலை இருந்தது. கப்பலுக்குப் பொங்கல் தெரியாது. நான் தனியாகப் பொங்கல் வைத்தேன். பொங்கிய பாலைப் பார்த்துக் குலவையிட எனக்கு வாய் வரவில்லை.

காணும் பொங்கலன்று காலையில் அவர் குளித்துவிட்டு, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மூன்று மாதத்தில் முதல் தடவை அவ்வளவு நெருக்கத்தில். தோல் வாடை துளிகூட இல்லை. அந்த இன்னொரு மணம் ஆளையே சுற்றிக்கொண்டு நின்றது. "இன்னாமே, ஒண்ணும் தெரியலயா?" என்று கேட்டார்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "தெரியுது, நல்லாத் தெரியுது! எவ வூட்டு வாசனைய்யா இது? ஆறு நாளா எவ கூடக் குந்திகினு வர?" என்று கத்தினேன். வரிசை வீடு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. கொடியில் கிடந்த அவருடைய இன்னொரு சட்டையைச் சாக்கடையில் வீசினேன். பதிலுக்கு ஒரு வார்த்தை பேசியிருந்தால்கூட நான் அடங்கியிருப்பேன்.  அவர் முகத்திலிருந்த சிரிப்பு எப்படி அணைந்தது என்பது இப்போதும் எனக்குக் கண்ணுக்குள் இருக்கிறது. எழுந்தார். சாக்கடையிலிருந்து சட்டையை எடுத்து அலசிக் கொடியில் போட்டார். பிறகு தெருவில் இறங்கிப் போய்விட்டார்.

நான் இரண்டு புடவையை மூட்டை கட்டினேன். வண்ணாரப்பேட்டைக்குப் போய்விடுவது, பிள்ளையை அங்கேயே பெற்றுக்கொள்வது, இந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவு. மூட்டையோடு வாசலுக்கு வந்தேன். அங்கே ஒருவர் படி ஏறாமல் தெருவிலேயே நின்றுகொண்டிருந்தார். என் வீட்டுக்காரரின் சிநேகிதர், துறைமுகத்தில் வேறு கொட்டகையில் வேலை செய்கிற பாய். கல்யாணத்தில் பார்த்திருக்கிறேன்.

"தோஸ்து கீறானா தங்கச்சி?" என்றார். நான் இரண்டு அடி முன்னே போனேன். "வாணாம், கிட்ட வராதம்மா. மேலெல்லாம் கலீஜா கீது" என்று பின்னுக்கு நகர்ந்தார்.

நகர்ந்தாலும் அது என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது. அந்த வாடை. என் புருஷனின் வாடை. உப்பும் தோலும் வேர்வையும். மூன்று மாதமாக என்னைச் சாக்கடைக்கு ஓடவைத்த அதே வாடை, பாயின் மேலிருந்து வந்தது. அன்றைக்கு எனக்குக் குமட்டவில்லை. 

பாய் மடியிலிருந்து ஒரு பித்தளை வில்லையை எடுத்துப் படியில் வைத்தார். ஒவ்வொரு கூலிக்காரருக்கும் நம்பர் போட்டுக் கொடுக்கிற வில்லை. அதைக் காட்டித்தான் துறைமுகத்துக்குள் போக வேண்டும். "இது அவன்து. என்து அவனாண்ட கீது, வாங்கிக் குடு. நாளைக்கு அவனவன் கொட்டாய்க்கு அவனவன் போவணும்ல. ஆறு நாளா உன் வூட்டுக்காரன் என் எடத்துல லவங்க மூட்டை தூக்கினான், நான் அவன் எடத்துல தோலு தூக்கினேன். அத்த ஏன் கேக்குற, உங்க அண்ணி எனக்கு வாசல்லயே சோறு போடுறா, நாய்க்குப் போடுறா மாதிரி. மேஸ்திரி கால்ல வுழாத கொறையா கெஞ்சினான்மா. 'என் வூட்ல புள்ளத்தாச்சி. தோல் வாடை மேலேர்ந்து எறங்க ஆறு நாளாவும். காணும் பொங்கலுக்காவது அவ பக்கத்துல குந்தணும்'னான்."

லவங்கம் என்றால் எங்கள் பக்கம் கிராம்பு. அதை வாங்கிச் சமைக்கிற வசதி எங்களுக்கு இல்லாததால்தான் மணம் பிடிபடவில்லை. நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எதிர் ரூம் அக்கா மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மூட்டையை உள்ளே எறிந்துவிட்டு, கட்டி வைத்திருந்த புளிச்சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு காசிமேட்டுப் பக்கம் நடந்தேன். அவர் வேறெங்கும் போகத் தெரியாதவர். கடலோரக் கல்மேல் உட்கார்ந்திருந்தார். ஊரே ஜோடி ஜோடியாகப் போய்க்கொண்டிருந்தது. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பாயின் பெயரைச் சொன்னதுமே அவருக்குப் புரிந்துவிட்டது. வில்லையை நீட்டினேன். வாங்கிக்கொண்டார்.

"ஏன்யா வாயைத் தொறந்து சொல்லல? நான் பேயாட்டம் கத்தறேன், நீ பாட்டுக்கு எந்திரிச்சுப் போற!"

"அத்தினி பேர் எதுர்ல இன்னானு சொல்றது? எம்மேல நாத்தம், அதால என் பொண்டாட்டி மூக்கைப் பொத்திகிறா, அத்தத் தொலைக்கத்தான் போனேன்னா? உன்னிய இன்னா பேசுவாங்க?"

எனக்கு அழுகை நிற்கவில்லை. மூக்கைப் பொத்தினதற்கும், நடையில் படுக்கவிட்டதற்கும், அன்றைய கூச்சலுக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கண்ணைத் துடைக்கவில்லை. சுற்றிலும் ஆட்கள், கூச்சம். தூக்கைத் திறந்து சோற்றைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அங்க தரை பூரா லவங்கம் சிந்திக் கெடக்கும்மே. ஒண்ணு எடுத்தாலும் திருட்டு. கேட்ல ஜேப்பைத் தடவுவான், மடியை அவுத்துப் பாப்பான். வாசனைய இன்னா பண்ணுவான்? அத்த உனக்குக் கொண்டாந்தேன்."

அன்றைக்கு நாங்கள் ஒரே தூக்கில் சாப்பிட்டோம். நான் அவர் தோளில் மூக்கை வைத்துக்கொண்டு, யார் பார்த்தால் எனக்கென்ன என்று உட்கார்ந்திருந்தேன். சிவப்பு வளையல் அணிந்தவள் யாரும் அன்று என்னைவிட ஒசத்தி இல்லை.

மறுநாள் அவர் தோலுக்குத் திரும்பினார். சாயங்காலம் அதே வாடையோடு வந்தார். படுக்கைப் பாயை எடுத்துக்கொண்டு நடைக்குப் போனவரிடமிருந்து அதைப் பிடுங்கி உள்ளே விரித்தேன். வாந்தி வந்தால் வரட்டும் என்று விட்டேன். வந்தது. போய் எடுத்துவிட்டு வந்து மறுபடி பக்கத்திலேயே படுத்தேன். அந்த வாரப் பூவை விட்டுவிட்டு நாட்டு மருந்துக் கடையில் கொஞ்சம் கிராம்பு வாங்கி, என் பங்குக்கு, அவர் சட்டை ஜேபியில் போட்டேன். எடுத்து என் கையிலேயே கொடுத்தார். "இத்தோட கேட்டைத் தாண்டி வந்தா என்னை உள்ள வெச்சிருவான்மே!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். அந்தக் கிராம்பைத்தான் பவுடர் டப்பாவில் போட்டு வைத்தேன்.

அடுத்த வருடமும் பாயிடம் கேட்கிறேன் என்றார். "வாணாம், அண்ணி பாவம்" என்றேன். அதற்குப் பிறகு எல்லாக் காணும் பொங்கலுக்கும் அவர் தோல் வாடையோடுதான் என்னோடு கடற்கரைக்கு வந்தார். நாங்கள் உட்கார்ந்தால் அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் நகர்ந்துபோவார்கள். அத்தனை கூட்டத்திலும் எங்களுக்கு மட்டும் விசாலமான இடம் கிடைக்கும்.

அவர் போய்ப் பதினோரு வருடமாகிறது. கடைசிச் சட்டையை இரண்டு வருடம் துவைக்காமல் வைத்திருந்தேன். அவர் வேலையை விட்டு வெகுநாளாகியிருந்ததால் அதில் வெறும் சோப்பு மணம்தான் இருந்தது. இந்த வருடக் காணும் பொங்கலன்றும் டப்பாவைத் திறந்தேன். அன்றைய கிராம்பு எப்போதோ சக்கையாகிவிட்டது. அதன்மேல் வருடா வருடம் புதிதாகக் கொஞ்சம் போட்டுக்கொண்டு வருகிறேன். வாசனை குறையவேயில்லை. ஆனால் அது ஆறு நாள் வாசனைதானே. மூடிவிட்டு மகளைக் கூப்பிட்டேன்.

"பெரியமேடு வழியா போற பஸ்ஸுல ஒரு தடவை போயிட்டு வரலாமாடி?"

"அங்க என்னம்மா இருக்கு? தோல் மண்டிதான். ஒரே நாத்தம்."

"அதுக்குத்தான்" என்றேன்.