வாயை மறைத்துப் பேசிய தாதி

கிள்ளானில் தங்கை படிக்கும் தமிழ்ப்பள்ளி நூலகத்தில் அன்று நானும் அவளும், காதுப் பரிசோதனைக்கு வந்திருந்த தாதியும் இருந்தோம். அப்பா லோரியோடு ஜொகூர் போயிருந்தார்; அம்மாவுக்குத் தொழிற்சாலையில் விடுப்பு கிடைக்கவில்லை. தங்கையைப் பின்தங்கிய பிள்ளைகளின் வகுப்புக்கு மாற்றும் பாரத்தில் கையெழுத்துப் போடத்தான் நான் போயிருந்தேன்.

தாதி குட்டையானவர். கண்ணாடி மூக்கிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது. பிள்ளைகளிடம் பேசும்போது கையிலிருந்த கோப்பு ஒன்றைத் தூக்கி வாயை மறைத்துக்கொள்வார்.

"வீட்டுல பூனை இருக்கா?" என்று கோப்புக்குப் பின்னாலிருந்து கேட்டார். தங்கை சும்மா சிரித்தாள். கோப்பை இறக்கிவிட்டு மறுபடி கேட்டார்.

"ரெண்டு இருக்கு மிஸ்ஸி!"

தாதி என்னைப் பார்த்தார். "வகுப்புல டீச்சர் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருப்பாளா தம்பி?"

"ஆமா மிஸ்ஸி. ரொம்ப அடக்கம்னு ரிப்போர்ட்லயே எழுதியிருக்காங்க."

"அடக்கமெல்லாம் இல்லலா. உதட்டப் பாத்துப் புரிஞ்சுக்கிறா. டீச்சர் போர்டு பக்கம் திரும்புனா இவளுக்குப் பாடம் முடிஞ்சது. இப்ப சைன் போடாத."

காதில் மாட்டிச் சோதித்த கருவியும் அதையே சொன்னது. வீட்டில் முதலில் படித்தவன் நான். தினமும் அவள் எதிரே உட்கார்ந்து பாடம் சொல்லிக் கொடுத்தேன். வீட்டில் புரிந்தது பள்ளிக்கூடத்தில் எப்படி மறந்து போகிறது என்று திட்டவும் செய்தேன்.

தாதி கொடுத்த கடிதத்தோடு அரசாங்க மருத்துவமனைக்குப் போனோம். செவிப்பறைக்குப் பின்னால் கோத்திருந்த நீரை எடுத்தார்கள். இப்போது முதுகுப் பக்கமிருந்து கூப்பிட்டாலும் தங்கை திரும்புகிறாள். அந்தத் தாதியின் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

ஆயிரக்கணக்கில் ஆகும் என்று அம்மா பயந்திருந்தார். வண்டிச் செலவோடு சேர்த்து மொத்தம் ஆனது நூற்று இருபது வெள்ளி.