டீச்சர் கேட்ட செப்பு

ஹைதராபாத்தில் எல்கேஜி சீட்டுக்கு நான் கொடுத்த லஞ்சம் ஒரு மரப் பானை.

அங்கே குஷாய்குடா பகுதியில் அப்பாவுக்கு வேலை. வீட்டில் பேசுவது அசல் திருநெல்வேலித் தமிழ். இண்டர்வியூவுக்காக அம்மா இரண்டு மாதம் என் உயிரை வாங்கினாள். ஏ ஃபார் ஆப்பிள், பி ஃபார் பால், சி ஃபார் கேட் எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். தெலுங்கு மட்டும் சுத்த சைபர். இங்கிலீஷ் மீடியத்தில் தெலுங்கில் யார் கேட்கப்போகிறார்கள் என்று அப்பா சொல்லிவிட்டார். மகா புத்திசாலி!

டீச்சர் நல்லவர்தான். குழந்தை மிரளக் கூடாதே என்று, யானைப் படத்தைக் காட்டிச் செல்லமாகத் தெலுங்கிலேயே கேட்டார்.

“செப்பம்மா, செப்பு!”

அவர் பாஷையில் அதற்கு ‘சொல்லு’ என்று அர்த்தம். எங்கள் ஊரில் செப்பு என்றால் பிள்ளைகள் சோறு பொங்கி விளையாடும் குட்டிப் பாத்திரம். அம்பாசமுத்திரத்திலிருந்து மாமா வாங்கிவந்த மரச் செப்பில் ஒரு பானை அந்த நேரம் என் கவுன் பையில் இருந்தது. இவருக்கு எப்படித் தெரிந்தது? பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் யானையை விட்டு மாட்டுக்கு வந்தார், மாட்டை விட்டு மாம்பழத்துக்கு வந்தார். செப்பை மட்டும் விடவில்லை.

“ஏட்டி, டீச்சர் எவ்வளவு நேரமா கேக்காவ! மரம் மாதிரி நிக்கியே” என்று அம்மா கிள்ளினாள். அவளும் அந்தக் கட்சியா! எனக்கு அழுகை முட்டியது.

குழந்தைக்கு இன்னும் பேச்சு வரவில்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று டீச்சர் ஃபைலை மூடினார். அப்பாவின் முகம் சுண்டிப்போய்விட்டது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பானையை எடுத்து மேஜையில் டொக்கென்று வைத்தேன்.

“இந்தா, வச்சுக்கோ! வெளையாடிட்டு ஒடைக்காமத் திருப்பித் தந்துரணும். இல்லன்னா எங்க மாமாகிட்டச் சொல்லிருவேன்!”

அம்மா தலையில் அடித்துக்கொண்டு, எங்கள் ஊரில் செப்பு என்றால் என்னவென்று டீச்சருக்கு விளக்கினாள். டீச்சர் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, வாக்கியம் வாக்கியமாகப் பேசுகிறாள் என்று எழுதிச் சீட்டும் கொடுத்தார், பானையையும் கொடுத்தார்.

பள்ளி திறந்த முதல் நாள் அதே டீச்சர் வகுப்பு முழுவதையும் பார்த்து, “செப்பண்டி!” என்றார். நாற்பது பிள்ளைகளும் உற்சாகமாகக் கத்தினார்கள். கையில் ஒரு செப்புகூட இல்லாமல் எந்தத் தைரியத்தில் கத்துகிறார்கள் என்று எனக்குப் புரியவேயில்லை.