மூன்றாவது தடவை கேட்டால் வாங்கிக்கோ

இரண்டு வாரத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பதே முக்கால். மும்பை செம்பூரில் மின்சார ரயில் ஏறி, லேடீஸ் கம்பார்ட்மென்ட்டில் இரண்டு பேருக்கு நடுவே ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருக்கிறேன். சுனாபட்டி தாண்டும்போது கையிலிருந்த போன் அதிர்ந்தது.

மகளிடமிருந்து மெசேஜ். ஆங்கில எழுத்தில் தமிழ். இரண்டே வார்த்தை.

'அம்மா, பசிக்குது.'

வீட்டில் ஒரு நாளைக்கு ஆறு தடவை காதில் விழுகிற வார்த்தைதான். ஆனால் அனுப்பியவள் அடுக்களை வாசலில் நிற்கவில்லையே... ஜெர்மனியில் இருக்கிறாள்!

அங்கே அப்போது மணி காலை ஆறே கால். உடனே கூப்பிட்டேன். எடுக்கவில்லை. திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அடுத்த மெசேஜ் வந்தது. 'பக்கத்துல எல்லாரும் இருக்காங்க. ஸ்கூல் முடிஞ்சு பேசறேன்.'

ஸ்கூல் முடிய நம்ம ஊர் கணக்கில் மாலை ஐந்து மணி ஆகும். அதுவரை நான் என்ன செய்வதாம்?

அவள் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தாள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தர்ஷினி ஒன்பதாம் வகுப்பு. மாணவர்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஓர் அமைப்பு பள்ளிகளுக்கு இடையே பேச்சுப் போட்டி வைத்தது. மூன்று நிமிடம். தலைப்பு, 'என் தெருவில் ஒரு நாள்'. மற்ற பிள்ளைகள் சுத்தம், பசுமை, சகோதரத்துவம் என்று வெளுத்து வாங்கினார்கள். இவள் ஆண்டாப் ஹில் போகிற பஸ்ஸில் ஒரு ஜன்னலோர சீட்டுக்காக மூன்று மொழியில் நடந்த சண்டையைச் சொன்னாள். கண்டக்டர் மாதிரியே டிக்கெட் மிஷினைத் தட்டிக் காட்டினாள். நடுவர்கள் சிரித்துவிட்டார்கள்.

கடைசியில் ஒரு கேள்வி. 'அந்நிய ஊரில் வழி தவறிவிட்டால் முதலில் என்ன செய்வாய்?'

'முதல்ல எங்க அம்மாவுக்குச் சொல்ல மாட்டேன்' என்றாளாம்.

முதல் பரிசு!

பரிசு என்றால் சும்மா கோப்பை இல்லை. ஜெர்மனியில் இரண்டு வாரம். போக வர விமான டிக்கெட், பெயர் அச்சடித்த டிராலி பேக், குளிருக்கு ஒரு ஜாக்கெட், எந்த டிராமிலும் ஏறி இறங்க ஒரு பாஸ், மியூசியம் எல்லாம் இலவசம். ஹோட்டல் கிடையாது, ஒரு குடும்பத்தோடு, அவர்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி தங்க வேண்டும். படித்து முடித்து பதினேழு வருஷம் ஆகிறது எனக்கு. எந்தப் போட்டியிலும் டிபன் பாக்ஸுக்கு மேல் பரிசு வாங்கியதில்லை.

சந்தோஷப்பட்டேனா? பட்டேன். சுமார் நாற்பது நிமிடம். அப்புறம் கவலை தொடங்கிவிட்டது.

கிளம்புவதற்கு முன்னால் பெற்றோருக்கு ஒரு கூட்டம். தாதரில். ஒருங்கிணைப்பாளர் மேடம் பன்னிரண்டு பக்கத்துக்கு ஒரு தாள்கட்டு கொடுத்தார். அந்த நாட்டில் எப்படி நடந்துகொள்வது... ஏழு மணி என்றால் ஏழு மணிக்குப் போ. ரயிலில் சத்தமாகப் பேசாதே. சம்பளம் எவ்வளவு என்று கேட்காதே. குடும்பத்தில் பிரச்சினை இருந்தால் எங்களிடம் சொல். வேறு வீட்டுக்கு மாற்றிவிடுவோம்.

ஏழாம் பக்கத்தில் இப்படி ஒரு வரி: 'உங்களுக்கு ஏதாவது வேண்டுமென்றால் வேண்டும் என்று சொல்லுங்கள்.' அதை மஞ்சள் ஹைலைட்டரால் கோடு போட்டது நான்தான். கூடுதல் போர்வை, பெட்ஷீட் பற்றிச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்!

பன்னிரண்டு பக்கம் போதாது என்று வீட்டில் நான் தனியாக ஒரு பாடம் நடத்தினேன். ஏன் நடத்தினேன் என்று இப்போது என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

நான் வளர்ந்தது தாராவியில். ஒரே சந்து, நாற்பது வீடு, எல்லாம் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். எந்த வாசலில் நின்றாலும் 'சாப்பிடுதியா?' என்றுதான் கேட்பார்கள். கேட்டவுடன் உட்கார்ந்துவிட்டால் வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் அடி விழும். எல்லா வீட்டிலும் அளந்து பொங்குகிற சோறு. முதல் தடவை கேட்பது மரியாதைக்கு. இரண்டாவது பாசத்துக்கு. மூன்றாவது தடவையும் கேட்டால்தான் பானையில் உண்மையிலேயே சோறு இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் சந்தில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் இது அத்துப்படி.

அந்த ஞானத்தைத்தான் மகளுக்குக் கொடுத்தேன். ரிகர்சலே நடந்தது. என் கணவர் தாராவியில் எலக்ட்ரிக் சாமான் கடை வைத்திருக்கிறார். ராத்திரிச் சாப்பாட்டில் அவர்தான் ஜெர்மன் அம்மா.

'இன்னுங் கொஞ்சம் பிரெட் வைக்கட்டுமா?' என்பார், குரலை மெல்லிசாக்கிக்கொண்டு.

'நோ, தேங்க் யூ.'

'ஏட்டி, சிரிச்சிக்கிட்டே சொல்லு. மூஞ்சிய உம்முனு வச்சா அந்தம்மா பயந்துரும்லா' என்பார்.

'மூணாவது தடவை கேட்டா லேசா தலையாட்டு. நீயா எடுத்துப் போட்டுக்காதே. அவங்க வைக்கட்டும்' என்று நான் முடித்துவைப்பேன்.

'அம்மா, அந்தத் தாள்ல இப்படி எதுவும் இல்லியே?'

'எல்லாத்தையும் தாள்ல எழுதுவாங்களா?'

அவ்வளவு கெட்டிக்காரத்தனமாகப் பேசினேன்!

செவ்வாய்க்கிழமைக்கு வருவோம். ஆபீஸில் உட்கார முடியவில்லை. அந்தக் குடும்பம் கெட்ட குடும்பமோ? காசு மிச்சம் பிடிக்கிறார்களோ? பிள்ளைக்கு வயிறு சரியில்லையோ? ஒருங்கிணைப்பாளர் மேடத்துக்குப் புகார் எழுதத் தொடங்கினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன். புகார் கொடுத்து, வேறு வீட்டுக்கு மாற்றி, அந்த வீடு இதைவிட மோசமாக இருந்துவிட்டால்? மறுபடி அழித்தேன். அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

மாடிப்படியில் எதிர்வீட்டு ஷிண்டே பாபி; பாபி என்றால் அண்ணி. என் முகத்தைப் பார்த்ததுமே கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்காரவைத்தார். 'சாய் லேகி?' டீ குடிக்கிறாயா என்று.

'நஹி நஹி பாபி. இப்பத்தான் குடிச்சேன்' என்று ஹிந்தியில் சொன்னேன். பச்சைப் பொய். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

'தோடா ஸா?' கொஞ்சமாவது என்றார்.

'நஹி பாபி, சச்சி.'

'அரே, ஆதா கப்!' என்று சொல்லிக்கொண்டே அவர் அடுப்பைப் பற்றவைத்தார். நான் லேசாகத் தலையாட்டினேன். இஞ்சி தட்டிப் போட்ட டீ முழுக் கப்பாக வந்தது. கூட இரண்டு பட்டர். பிஸ்கட்டையும் ரொட்டியையும் கலந்த மாதிரி மொறுமொறுவென்று இருக்குமே, அந்தப் பட்டர். இரண்டையும் டீயில் முக்கிச் சாப்பிட்டேன்.

இரண்டாவது பட்டர் தொண்டையில் இறங்கும்போதுதான் மண்டையில் பல்பு எரிந்தது.

ஷிண்டே பாபி மூன்று தடவை கேட்டார். அந்த ஜெர்மன் அம்மா எத்தனை தடவை கேட்டிருப்பார்?

மாலை ஐந்து அடித்து நான்கு நிமிடத்தில் தர்ஷினி கூப்பிட்டாள். என் கணவரும் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு ஓடி வந்திருந்தார். ஸ்பீக்கரில் போட்டேன்.

'ஒரே ஒரு தடவைதாம்மா கேட்கறாங்க! முதல் நாள் உருளைக்கிழங்கு சூப். செம டேஸ்ட். இன்னும் வேணுமான்னாங்க. நோ தேங்க் யூன்னு சிரிச்சேன். அவங்களும் சிரிச்சாங்க. பாத்திரத்தை மூடி உள்ள கொண்டு போயிட்டாங்க.'

'அப்புறம்?'

'நேத்து பிரெட், சீஸ், தக்காளி எல்லாம் டேபிள்ல. யாரும் யாருக்கும் வைக்கல. அவங்கவங்க எடுத்துக்கறாங்க. யாராவது எனக்கு வைப்பாங்கன்னு வெயிட் பண்ணேன்... ஒரு ஸ்லைஸ்தான் சாப்பிட்டேன். அதுக்கு முந்தின நாள் ஆப்பிள் கேக். என் கண்ணு முன்னாடியே மொத்த கேக்கும் போச்சும்மா!'

'அப்போ மூணு நாளா என்னதான் சாப்பிட்ட?'

குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

'முறுக்கு.'

எந்த முறுக்கு? கடைசி நாள் அந்தக் குடும்பத்துக்குக் கொடுப்பதற்காக என் நாத்தனார் சுட்டுக் கொடுத்த முறுக்கு! ரூம் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தம் வெளியே கேட்காமல் ஊறவைத்து ஊறவைத்துச் சாப்பிட்டிருக்கிறாள்.

என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். 'எக்கா சுட்ட முறுக்கு ஜெர்மனியில ஒரு உசுரக் காப்பாத்திருக்கு பாத்துக்கோ!'

எனக்கு அழுகை வந்தது. 'இன்னைக்கே கேட்டுச் சாப்பிடு. எனக்குப் பசிக்குது, இன்னும் வேணும்னு சொல்லு.'

'எப்படிம்மா? மூணு நாளா வேணாம்னு சொல்லிட்டு இன்னைக்கு வேணும்னா... பொய் சொன்னேன்னு நினைக்க மாட்டாங்களா? வெட்கமா இருக்கும்மா.'

என் பதில் வருவதற்குள் டிராம் வந்துவிட்டது. போனை வைத்துவிட்டாள்.

பத்து நிமிடம் ஆகியிருக்காது. ஒருங்கிணைப்பாளர் மேடத்திடமிருந்து மெயில். அவள் தங்கியிருக்கும் வீட்டு அம்மா, பிர்கிட் என்று பெயர், எழுதிய கடிதத்தை எனக்கு அனுப்பியிருந்தார். ஆங்கிலத்தில் நாலே வரி. 'தர்ஷினி அருமையான பெண். ஆனால் எதுவுமே சாப்பிடுவதில்லை. என் சமையல் அவளுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. எனக்குத் தூக்கமே வரவில்லை. அவளை வேறு வீட்டுக்கு மாற்றினால் நன்றாக இருப்பாளா?'

படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஆபீஸில் நான் எதையெல்லாம் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தேனோ, அதையேதான் அங்கே ஒருத்தி எழுதி அனுப்பியிருக்கிறாள். என்னைவிட ஒரு படி தைரியசாலி. அழிக்கவில்லை.

'இப்போ என்னங்க செய்ய?' என்றேன்.

'நீ கட்டுன முடிச்சுதான. நீயே அவிழு' என்றார். 'புள்ளையப் பேச விடு. ஆனா அந்தம்மாவத் தூங்க விடு.'

பிர்கிட்டுக்கு எழுதினேன். முதலில் எழுதியது: 'எங்கள் வழக்கப்படி, தயவுசெய்து அவளை மூன்று தடவை கேளுங்கள்.' வாசித்துப் பார்த்தேன். பரிசு வாங்கிப் போனது என் மகள். பாடம் படிக்க வேண்டியது அவர்களா? அழித்தேன். மனதில் இருந்ததை அப்படியே எழுதினேன். 'உங்கள் சூப் அவளுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. வேண்டாம் என்று சொல்லச் சொல்லிக் கொடுத்தது நான். எங்கள் வீடுகளில் முதல் வேண்டாம் என்பது வெறும் வணக்கம் மாதிரி. தப்பு என்னுடையது. வீடு மாற்ற வேண்டாம். அவளே உங்களிடம் பேசுவாள்.'

பிறகு மகளுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ். 'அம்மா சொல்லிக் கொடுத்தது தப்பு. அந்த ஆன்ட்டிகிட்ட நீ சொல்லு.' பதினான்கு வருஷத்தில் முதல் தடவையாக இந்த வாக்கியத்தைச் சொல்கிறேன். மூன்று தடவை ரெக்கார்டு செய்தேன். முதல் இரண்டில் குரல் சரியில்லை.

ராத்திரிச் சமையலுக்குக் குக்கர் வைக்கும்போது பதில் வந்தது. மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டே பேசியிருந்தாள்.

'நானே போய்ச் சொன்னேம்மா, பசிக்குதுன்னு! நம்ம மூணு தடவை கதையையும் சொன்னேன். பிர்கிட் ஆன்ட்டி கட்டிப்பிடிச்சுக்கிட்டாங்க. அவங்க கண்ல தண்ணி. அப்புறம் மூணு விரலைக் காட்டி, ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணிக்கிட்டே மூணு தடவை கேட்டாங்க. நான் முதல் தடவையே யெஸ் சொல்லிட்டேன். ஆனாலும் மூணு தடவையும் போட்டுட்டாங்கம்மா... எந்திரிக்க முடியல!'

மீதி இருந்த நாலு முறுக்கையும் அன்றைக்கே கொடுத்துவிட்டாளாம். பிர்கிட்டின் கணவர், கேட்காமலேயே நாலையும் எடுத்துக்கொண்டாராம்.

நான் யோசித்துப் பார்க்கிறேன். நாகரிகம் என்று நாம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதில் பாதி, நம் சந்தின் அளவுக்கு வெட்டித் தைத்தது. சந்தைத் தாண்டினால் தோளில் பிடிக்கிறது, கையில் இழுக்கிறது. தப்பான சட்டை என்று சொல்ல முடியாது... அந்தக் குளிருக்கு இது போதாது, அவ்வளவுதான். அப்படியென்றால் நான் அவளுக்கு வேறு என்னென்ன தப்பாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்? வேண்டாம். அந்தப் பட்டியலைத் தொடங்கினால் இந்தப் பக்கம் போதாது.

போன ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்தாள். இரண்டு கிலோ கூடியிருக்கிறாள். திங்கள் காலை தோசை. மூன்று சாப்பிட்டு முடித்தாள்.

'இன்னொண்ணு போடட்டுமா?' என்றேன்.

'வேணாம்மா.'

'மொறுமொறுன்னு ஒண்ணே ஒண்ணு?'

'வேணாம்.'

வழக்கம்போலத் தோசையைக் கரண்டியோடு அவள் தட்டுக்கு மேலே கொண்டுபோனேன். தட்டை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். கோபம் இல்லை. சிரித்தபடிதான் சொன்னாள்.

'அம்மா... வேணாம்னா வேணாம்.'

அந்தத் தோசையை நான்தான் சாப்பிட்டேன். என்னை யாரும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.