சொந்தக்காரன் இல்லாத குதிரைகள்

கோடியக்கரையில் குதிரைகள் தாமாகத் திரிகின்றன, அவற்றைப் படம் பிடிக்கப் போகிறேன் என்று சித்தப்பா ஒருநாள் சாப்பிடும்போது அறிவித்தார். உப்பு ஏற்றி வந்த வியாபாரி ஒருவர் சொன்னாராம். வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. யாருடைய குதிரைகள் என்று தாத்தா கேட்டார். யாருடையதும் இல்லை என்றார் சித்தப்பா. அங்கேதான் சந்தேகம் தொடங்கியது. எங்கள் வரதராஜன்பேட்டைப் பக்கத்தில் ஒரு கோழிக்குக்கூடச் சொந்தக்காரன் உண்டு. அது அடுத்த வீட்டில் முட்டையிட்டால் பங்குச் சாமியார் வரைக்கும் வழக்குப் போகும். நாங்கள் அறிந்த குதிரைகளோ அரியலூர் ஸ்டேஷன் வாசலில் ஜட்காவில் பூட்டியவைதான். அவ்வளவு பெரிய பிராணியைச் சும்மா விட்டுவைக்க எவனுக்கு மனசு வரும் என்று தாத்தா கேட்டது எனக்கும் நியாயமாகப் பட்டது. எனக்கு அப்போது ஒன்பது வயது. துருவித் துருவிக் கேட்பதில் என்னை மிஞ்ச எங்கள் தெருவில் ஆள் கிடையாது.

சித்தப்பா ஜெயங்கொண்டத்தில் ஒரு சின்னப் போட்டோக் கடை வைத்திருந்தார். கடை என்று பெயரே தவிர, பிழைப்பெல்லாம் சாவு வீடுகளில்தான். இறந்தவரைப் பெட்டியில் வைத்து, மூடுவதற்கு முன் சொந்தபந்தமெல்லாம் சுற்றி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வது எங்கள் கிறிஸ்தவக் குடும்பங்களில் வழக்கம். உயிரோடு இருக்கும்போது எடுத்தால் ஆயுசு குறையும் என்று பயந்தவர்கள்கூட அந்த ஒரு படத்துக்கு மட்டும் அவரைத் தேடி ஆள் அனுப்புவார்கள். ஆகவே அவர் கேமராவைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் போனால் எந்த வீட்டில் என்று வழியெல்லாம் விசாரிப்பார்கள். படுத்த படுக்கையாகக் கிழவர்கள் கிடக்கும் வீடுகளில் கதவைச் சாத்திக்கொள்வதும் உண்டு. எங்கள் வீட்டிலேயே அந்தக் கேமரா நிலைப்படி தாண்டக் கூடாது என்று அம்மா சட்டம் போட்டிருந்தாள். மாட்டுக் கொட்டகையை ஒட்டிய அறையில்தான் அது கிடக்கும். அங்கேதான் அவர் படம் கழுவுவதும்.

தாத்தாவுக்குச் சண்டைக் காலத்துக் கவலை. ஜப்பான்காரன் கடல் வழியாக எந்நேரமும் வந்துவிடுவான் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தபோது, கேமராவைத் தூக்கிக்கொண்டு கடற்கரையில் நிற்பவனைப் போலீஸ் சும்மா விடுமா? அம்மாவின் சந்தேகம் இன்னும் கூர்மையானது. சித்தப்பாவின் கேமரா அசையாத ஆட்களுக்கானது. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, வெளியே வந்து, மூடியைக் கழற்றி, மனசுக்குள் எண்ணிக்கொண்டு மறுபடி மூட வேண்டும். பெட்டிக்குள் இருப்பவர்கள் அதற்கு ஒத்துழைப்பார்கள், குதிரை ஒத்துழைக்குமா? ஒத்திகை பார்க்கிறேன் என்று அவர் எங்கள் கன்றுக்குட்டியை வயலில் ஓடவிட்டு எடுத்தார். படத்தில் வரப்பு இருந்தது, பனைமரம் இருந்தது, கன்று இருக்க வேண்டிய இடத்தில் அடுப்புப் புகை மாதிரி ஒரு தீற்றல் இருந்தது. படம் பதிகிற கண்ணாடி பிளேட் கிடைப்பதே குதிரைக் கொம்பாக இருந்த காலத்தில் ஒன்றை இப்படிப் பாழாக்கினார். இருந்தும் பயணத்தைக் கைவிடவில்லை.

அதைவிடப் பெரிய விஷயம், சித்தியையும் கூட்டிக்கொண்டு போகிறாராம். சித்தி அப்போது நாளுக்கு நாள் மெலிந்துகொண்டு வந்தாள். கையைத் தூக்கினால் வளையல்கள் முழங்கை வரை ஓடும். வயிற்றில் வாயு என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடுகிற பஸ்ஸில் கும்பகோணம், அங்கிருந்து ரயில், திருத்துறைப்பூண்டியில் வண்டி மாறி வேதாரண்யம், அதற்கப்புறம் மாட்டு வண்டி. வாயுத் தொந்தரவுக்காரியை எதற்கு இப்படி இழுத்தடிக்க வேண்டும்? அதுவும் அந்தக் கடற்கரைப் பக்கம் போகிற எங்கள் சனம் வேளாங்கண்ணி மாதாவைப் பார்க்காமல் திரும்பியதே கிடையாது. கொஞ்சம் சுற்றிப் போய் மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி ஏற்றிவிட்டு வாருங்கள் என்று அம்மா சொன்னாள். சித்தப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. வேளாங்கண்ணிக்கெல்லாம் போகவில்லை, குதிரைக்குத்தான் போகிறோம் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு எழுந்து போனார். இவன் வேதத்தையே விட்டுவிட்டானா என்று அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். சித்தப்பாவின் மேல் ஒரு கண் வைத்துக்கொள்ளும்படி எனக்கு உத்தரவாயிற்று.

அப்பா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. பென்சில் ஏன் இவ்வளவு சீக்கிரம் கரைந்தது என்று எங்களைக் குறுக்கு விசாரணை செய்கிற பள்ளிக்கூட வாத்தியார், தம்பியின் குதிரைகளைப் பற்றி வாயே திறக்கவில்லை. எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் பெரிய தடயமாகத் தோன்றியது. ஒரு மத்தியானம் அவர் மாட்டுக் கொட்டகைப் பக்கம் போவதைப் பார்த்ததும் வைக்கோல் போருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அறைக்குள் சகோதரர்கள் இருவரும் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"டாக்டர் சொன்னத அவகிட்டச் சொல்லிட்டியா?" என்று அப்பா கேட்டார்.

"எப்படிண்ணே சொல்றது?" என்றார் சித்தப்பா. "வேளாங்கண்ணின்னு வாயத் தொறந்தாலே அவளுக்குப் புரிஞ்சுபோயிரும். டாக்டர் கைவிட்டவங்களத்தான நம்மாளுங்க அங்க தூக்கிட்டுப் போறாங்க. குதிரைன்னா சிரிச்சுக்கிட்டே வருவா."

அப்புறம் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. யாருடையது என்று தெரியவில்லை.

டாக்டர் என்ன சொன்னார் என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. சித்தியை ஏமாற்றுகிறார்கள் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. வீட்டில் எல்லோரையும்விட எனக்குச் சித்தியைத்தான் பிடிக்கும், ஆத்திரமாக வந்தது. அம்மாவிடம்கூடச் சொல்லாமல் நேராக அவளிடம் ஓடினேன். அவள் கொல்லையில் உட்கார்ந்து முந்திரிப் பருப்புக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள்.

"சித்தி, சித்தப்பா உன்கிட்ட என்னமோ மறைக்கிறாரு. டாக்டர் சொன்னதாம். வேளாங்கண்ணின்னா உனக்குத் தெரிஞ்சுருமாம்."

அவள் திடுக்கிடவில்லை. ஒரு பருப்பை எடுத்து என் வாயில் போட்டாள்.

"அது எனக்குத் திருச்சி ஆஸ்பத்திரியிலயே தெரியும்டி. தெரியும்கிறது அவருக்குத் தெரிய வேணாம். பாவம், குதிரை அது இதுன்னு எவ்வளவு கஷ்டப்பட்டுச் சொல்றாரு."

எனக்குத் தலை சுற்றியது. அவர் இவளிடம் மறைக்கிறார், இவள் அவரிடம் மறைக்கிறாள், இரண்டு பேரும் சேர்ந்து சிரித்துக்கொண்டு ஊருக்குப் புறப்படுகிறார்கள். இதில் யாருக்காக யாரை உளவு பார்ப்பது? ஒன்று மட்டும் நிச்சயம், குதிரை என்பது சுத்தப் புளுகு என்று முடிவு கட்டினேன்.

அவர்கள் போய்த் திரும்பினார்கள். வந்ததும் சித்தி பாயில் படுத்துவிட்டாள். சித்தப்பா கழுவி எடுத்துக்கொண்டு வந்தது ஒரே ஒரு படம். அதில் மணல் இருந்தது, கடல் இருந்தது, நடுவில் சித்தி நின்றுகொண்டிருந்தாள். காற்றில் முந்தானையும் தலைமயிரும் கலைந்து மங்கியிருந்தன. முகம் மட்டும் துல்லியமாக, வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தது. குதிரையின் வால்கூட இல்லை. நீங்கள் அப்போதே சொன்னீர்களே என்பதுபோல் தாத்தாவைப் பார்த்தேன். அவர் படத்தை வாங்கிக் கண்ணருகே வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். போலீஸ், ஜப்பான் பேச்சையே எடுக்கவில்லை. ஒரு பெரிய சண்டை நடக்கும் என்று நான் நம்பியிருந்த அம்மாவோ, அடுப்படிக்குள் போய்விட்டாள். கையும் களவுமாகப் பிடித்த பிறகு எல்லோரும் இப்படி விட்டுக்கொடுக்கிறார்களே என்று எனக்குக் கோபம்.

சித்தியிடமே போய்க் கேட்டேன். குதிரையே கிடையாது, இல்லையா?

"ஏன் இல்ல? கூட்டமா நின்னுச்சு. ஒரு குட்டி ஆடாம அசையாம எங்களயே பாத்துக்கிட்டு இருந்துச்சு."

"பின்ன ஏன் எடுக்கல?"

"மிச்சம் இருந்தது ஒரு பிளேட்டுதான். நீங்க அதுங்கள எடுங்கன்னுதான் சொன்னேன். அவரு கேக்கல." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "அதுங்களுக்கென்னடி, அதுங்க நாளைக்கும் அங்கதான் நிக்கும்."

நாளைக்கும் நிற்கும் என்றால் இன்னொரு பிளேட் வாங்கிக்கொண்டு மறுபடியும் போக வேண்டியதுதானே என்றேன். போகலாம் என்றாள். அப்படியானால் இந்தத் தடவை என்னையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று கையை நீட்டினேன். அவள் தயங்காமல் என் கையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்தாள். இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டதில் எனக்கு மறுபடியும் சந்தேகம் வந்தது. பெரியவர்களை நம்ப முடியாது, என்னை விட்டுவிட்டு இரண்டு பேருமாகக் கிளம்பிவிடுவார்கள். அன்று சாயங்காலமே என் பட்டுப்பாவாடையை மடித்து ஒரு பையில் வைத்து, சித்தியின் தலைமாட்டில் கொண்டுபோய் வைத்தேன்.